டாக்டரம்மா தலையாட்டிய கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பல் பிடுங்கப் போன இடத்தில். என் வாய் நிறையப் பஞ்சு. ஈறு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் பல் டாக்டரம்மா சொல்லிவிட்டார். பதில் பேச முடியாத ஆளிடம்தான் சிலருக்கு வெட்கக்கேட்டைச் சொல்ல வாய் வருகிறது. எழுதலாமா என்று பிறகு கேட்டேன். "எழுதுங்க. என்னை நல்லவளா மட்டும் காட்டிடாதீங்க" என்றார்.

2

முதல் தொடக்கம்: 'மக்கள் சக்தி ஒன்றுதிரண்டு எழுந்தபோது, அதிகாரத்தின்—'

(அடித்துவிட்டேன். மேடைப்பேச்சு வாடை.)

நடந்தது இது. புது ஹோட்டல் வந்ததும் தெருவுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது. தெருவின் ஒரு பக்கம் அடுக்குமாடி, மறுபக்கம் சந்து. அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். மாடியில் குடியிருக்கும் டாக்டரம்மாவும் சந்தில் சலவைக்கடை வைத்திருக்கும் அக்காவும் வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டு பக்கத்தையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தார்கள். பிறகு எல்லோரும் குடிநீர் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார்கள். மாடிக்காரர்கள் முறைபோட்டுக்கொண்டு வந்தார்கள். சந்துக்காரர்கள் பிழைப்பை விட்டுவிட்டு வந்தார்கள்.

[இந்த வித்தியாசம் எனக்கே இரண்டாவது முறை எழுதும்போதுதான் உறைத்தது.]

3

கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் அதிகாரி உள்ளே கூப்பிட்டார்.

"நீங்களே போங்க டாக்டரம்மா. நாங்க போனா நிக்கவெச்சே அனுப்பிருவாங்க" என்றார் அக்கா.

"நீயும் வாயேன்."

"ஒருத்தர்னுதானே சொல்றாங்க. நீங்க பேசினா நான் பேசின மாதிரி. போங்க."

உள்ளே நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. "மாடிக்கு நாளைக்கே திறந்துவிடறோம் மேடம். சந்துக்கு... பார்க்கலாம். படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்" என்றார் அதிகாரி.

இங்கே ஒரு பிரதியில் டாக்டரம்மாவை மேசையைத் தட்டி எழுந்திருக்கவைத்தேன். 'சந்துக்கும் சேர்த்துத் திறந்தால்தான்—'

பொய். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாக்டரம்மா வாயே திறக்கவில்லை.

4

மறுநாள் மாடியில் தண்ணீர் கொட்டியது. சந்தில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"நம்ம பக்கம் எப்போன்னு சொன்னாங்க?" என்று அக்கா வந்து கேட்டார்.

"வரும்" என்றார் டாக்டரம்மா.

அலுவலகக் காவலாளி வழியாகச் சாயங்காலமே உண்மை சந்துக்குப் போய்விட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது டாக்டரம்மாவுக்கு. துவைக்க வாங்கிய துணிகளை அக்கா அழுக்கோடு வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

5

முடிவு ஒன்று: அவர் அலுவலகத்துக்குத் திரும்ப ஓடி... (எழுதவே கை கூசுகிறது.)

முடிவு இரண்டு: வீட்டைக் காலிசெய்துவிட்டு வேறு ஊர் போகிறார். (அது தண்டனை இல்லை, தப்பித்தல்.)

எனக்குத் தெரிந்தது இதுதான். அக்கா மாடியேறி வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"ஞாயித்துக்கிழமை சந்துல கூட்டம். இந்தத் தடவை நாங்களே பேசிக்கறோம். ஆனா மாடிக்காரங்க இல்லாம முடியாது. நீங்களும் வாங்க. பின்னாடி உக்காருங்க."

ஞாயிற்றுக்கிழமை. டாக்டரம்மா சந்து முனையில் நிற்கிறார். அக்கா பேசிக்கொண்டிருக்கிறார். கடைசி வரிசையில் யாரோ நகர்ந்து ஓர் ஆள் உட்கார இடம் விடுகிறார்கள்.

உட்கார்ந்தாரா? நான் சொல்லமாட்டேன். நீங்கள் மாடியில் குடியிருக்கிறீர்களா, சந்திலா என்பதைப் பொறுத்து முடித்துக்கொள்ளுங்கள்.