டாட் இன்னுக்கு நான்கு எல்லை

இந்த மாதக் கடைசிக்குள் வெப்சைட் வைத்துக்கொள்ளாதவர்களிடம் இனி சரக்கு எடுக்க மாட்டோம் என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் வார்ப்பட ஃபேக்டரி எனக்குக் கடுதாசி அனுப்பியது 2006 ஜூன் முதல் தேதி. பதினோரு வருஷமாக அவர்களுக்கு பேலட் அடித்துத் தருகிறேன். பேலட் என்றால் பெரிய சங்கதி இல்லை. இரும்புச் சாமானை அடுக்கி வண்டியில் தூக்குவதற்கான மரத்தட்டு. ஆணி நேராக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்கு வெப்சைட் எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் என் ஷெட்டில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அந்த ஃபேக்டரி கைவிட்டால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் பழவேற்காட்டுக்குத் திரும்பி மச்சான் கடையில் உட்கார வேண்டியதுதான். என் மச்சானை உங்களுக்குத் தெரியாது, அதனால் சும்மா படிக்கிறீர்கள்.

பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் எபினேசரிடம் போனேன்.

"பேரு ஈஸி பாய். தாவூத்பேலட்ஸ். பின்னால இன்னா வால் ஓணும்னு நீங்கதான் சொல்லணும். டாட் காம் கீது, டாட் நெட் கீது, டாட் ஆர்க் கீது, டாட் இன் கீது."

"ஒண்ணொண்ணும் எந்த மாதிரி இடம்?"

"டாட் காம் யாவாரம் பண்றவங்களுக்கு. ஒலகம் பூரா அதுலதான் கீது. டாட் ஆர்க் தர்ம ஸ்தாபனத்துக்கு. டாட் நெட் கம்ப்யூட்டர் லைன்ல இருக்கறவங்களுக்கு. டாட் இன் நம்ம நாட்டோடது. போன வருஷம்தான் எல்லாருக்கும் தொறந்து வுட்டாங்கோ."

எனக்கு விளங்கிவிட்டது. டாட் காம் பஜார் தெரு. டாட் இன் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு. கல் நட்டிருப்பான், தெருவிளக்கு வந்திருக்காது, நாய்கூடப் படுக்காது.

"காம்லயே போடு. யார் கையிலயாவது இருக்குதா பாரு."

அதைப் பார்ப்பதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறதாம். தட்டினான். யார் பெயரிலும் இல்லை என்று வந்தது. வில்லங்கச் சான்று மாதிரியே இருந்ததால் ஒரு காப்பி எடுத்துக் கொடுக்கச் சொல்லி மடித்துப் பையில் வைத்தேன்.

"இப்பவே வாங்கிடலாம் பாய். இது மொதல்ல வர்றவங்களுக்குத்தான்" என்றான்.

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். திருநின்றவூரில் எனக்கு மனை விற்ற புரோக்கரும் இதைத்தான் சொன்னான். இன்றைக்கே முடித்துவிடுங்கள் பாய், நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது என்றான். முடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லைக்கல்லோடு போனால் அதே மனையில் இன்னும் இரண்டு பேர் எல்லைக்கல்லோடு நிற்கிறார்கள். மூன்று பேரும் ஒரே புரோக்கரைத் திட்டியதில் நட்பானோம். மனை போனது போனதுதான். அன்றிலிருந்து பேப்பரில் நோட்டீஸ் கொடுக்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. இத்தனை நாளுக்குள் ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊருக்கே சொல்லிவிட்டு வாங்கினால் நாளைக்கு எவனும் வந்து நிற்க முடியாது.

நோட்டீஸ் எழுத உட்கார்ந்த வக்கீல் துளசிராமன் பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"பாய், இதுக்கு சர்வே நம்பர் இன்னான்னு போடறது?"

"எபினேசர் கடை கதவு நம்பரைப் போடுங்க."

பத்தாம் தேதி பேப்பரில் வந்தது. தாவூத்பேலட்ஸ் டாட் காம் என்னும் முகவரியை என் கட்சிக்காரர் ஷேக் தாவூத் கிரயம் பெற இருக்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டியது, தவறினால் பிறகு எந்தப் பாத்தியதையும் கோர முடியாது. கச்சிதமாக இருந்தது. பதினைந்து நாளும் வக்கீல் ஆபீசுக்கு நடந்தேன். ஒரு கடுதாசி வரவில்லை. இருபத்தாறாம் தேதி காலையில் பேப்பர் துண்டை எபினேசர் மேசையில் வைத்து, "இப்ப வாங்கு" என்றேன்.

தட்டினான். பிறகு இன்னொரு தரம் தட்டினான்.

"இன்னாடா?"

"போயிடிச்சி பாய். பதினொண்ணாந் தேதியே வாங்கிட்டாங்கோ. குப்புராஜ், கவரைப்பேட்டை."

குப்புராஜ் அதே ஃபேக்டரிக்கு எனக்குப் போட்டியாக பேலட் அடிக்கிறவன். என்னிடம் ஒரு பேலட்டுக்கு நாற்பது ஆணி என்றால் அவனிடம் இருபத்தெட்டு. பஸ் பிடித்துப் போனேன். மரத்தூளுக்கு நடுவில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வா பாய். நாஷ்டா ஆச்சா?"

"என் பேர்ல இருக்கறத நீ எப்டிய்யா வாங்குன?"

"உன் பேர்ல எங்க இருந்திச்சி? நீ வாங்கப்போறேன்னுதான பேப்பர்ல போட்ட. அப்டி ஒரு சாமான் கீதுன்னே அதைப் பாத்துதான் எனக்குத் தெரியும்."

"ஆட்சேபணை இருந்தா வக்கீலாண்ட சொல்லணும்னுதான போட்டிருந்திச்சி!"

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல பாய். வாங்கணும்னு தோணிச்சி, வாங்கிட்டேன். நாளைக்கு உன்னைத் தேடி எவனாவது தட்டுவான் பாரு, அவன் என்னாண்டதான வருவான்?"

சிரித்தபோது டீ மூக்கில் ஏறி இருமினான். அந்த அளவுக்காவது அல்லா கண் திறந்தான்.

திரும்பி வந்தபோது எபினேசர் கடை சாத்தப் போனான். தடுத்து உட்கார வைத்தேன். ஷெட்டில் பதினான்கு பேர் நின்றுகொண்டிருக்கும்போது தெருவிளக்கு பார்க்க முடியாது. டாட் இன்னை வாங்கச் சொன்னேன். திருநின்றவூருக்குப் பிறகு நோட்டீஸ் இல்லாமல் நான் வாங்கிய முதல் இடம் அதுதான்.

"பேஜ்ல இன்னா எழுதணும் பாய்? மரம், சைஸ், போன் நம்பர், அவ்ளோதான?"

"மொதல்ல நாலு எல்லை எழுது."

"வெப்சைட்டுக்கு யாரு பாய் எல்லை எழுதுவாங்க?"

"எழுதாததாலதான் ஒருத்தன் பூந்துட்டான். எழுது."

எழுதினான். கிழக்கே, குப்புராஜ் என்பவர் ஆக்கிரமிப்பில் உள்ள டாட் காம். மேற்கே, புறம்போக்கு டாட் நெட். வடக்கே, தர்ம ஸ்தாபனங்களுக்கான டாட் ஆர்க். தெற்கே, எபினேசர் பிரவுசிங் சென்டர். இதற்குட்பட்ட இடத்தில் தரமான பேலட்கள் கிடைக்கும்.

இருபத்தொன்பதாம் தேதி சப்ளையர்களை ஃபேக்டரிக்குக் கூப்பிட்டார்கள். பர்ச்சேஸ் மேடம் சாராள் ஒவ்வொரு ஃபாரமாகப் பார்த்து, அதில் இருந்த வெப்சைட்டைத் தட்டித் திறந்துகொண்டிருந்தார். எனக்கு முன்னால் குப்புராஜ். கெடு நெருங்கியதும் இவனும் கையில் இருந்ததையே ஃபாரத்தில் எழுதிவிட்டான்.

"கம்பெனி பேரு குப்புராஜ் டிம்பர்ஸ். வெப்சைட் தாவூத்பேலட்ஸா? நீங்க தாவூத் பாயோட பிராஞ்சா?"

"நானா? இவரு பிராஞ்சா?"

"அப்ப இது யாரோடது?"

"என்னுதுதான் மேடம். பேரு மட்டும் அவரோடது."

மேடம் அடுத்து என் ஃபாரத்தை எடுத்துத் தட்டினார். "கிழக்கே" என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, "ஆக்கிரமிப்பில்" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் ஃபாரத்தில் முத்திரை குத்தினார். சிரிப்பில் அது கோணலாக விழுந்தது. கோணலாக இருந்தாலும் முத்திரை முத்திரைதான் என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"குப்புராஜ், வேற ஒருத்தர் பேர்ல இருக்கறத நான் ஏத்துக்க முடியாது. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள தாவூத் பாய்கிட்ட சம்மதக் கடுதாசி வாங்கிட்டு வாங்க."

கேட் வரைக்கும் என் பின்னாலேயே வந்தான்.

"பாய், என்னாண்டயும் ஒம்பது பேரு வேலை செய்றாங்க பாய். டாட் காமை நீயே எடுத்துக்க. இன்னைக்கே எழுதித் தர்றேன்."

"உன் கை பட்ட இடம் எனக்கு வேணாம். வில்லங்கம் பண்ணிட்ட."

"அப்ப இன்னாதான் ஓணும்? பேஜாரு பண்ணாத பாய்."

சொன்னேன். ஒப்புக்கொண்டான். எபினேசர் கடையில் அதைச் செய்து முடித்து, என் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்மதக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது டாட் காமைத் தட்டினால், தாவூத் பேலட்ஸ் இங்கே இல்லை, டாட் இன்னுக்குப் போகவும் என்று பெரிய எழுத்தில் வரும். பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி இடமும் வலமும் ஆடும். குப்புராஜ் டிம்பர்ஸ் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த அம்பை ஆட வைப்பதற்கு வருஷா வருஷம் பணம் கட்டுவது குப்புராஜ்தான். ஒழுங்காக ஆடுகிறதா என்று வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எபினேசர் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவன் நிறுத்தினாலும் நிறுத்திவிடுவான்.