கிழியாத துணி

தொடையைச் சுற்றி டேப்பைப் பிடித்தவள் அளவைச் சொல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இருபது வருசமா பொம்பளைகளுக்குத் தைக்கிறேன். இந்த இடத்தை அளக்குறது இதுதான்க்கா முதல் தடவை" என்றாள் ஆரிபா. மதுரை காஜிமார் தெருவில், கதவைச் சாத்திய அறையில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தேன். நாற்பத்தோரு வயதில் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவளுக்கு வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது? "சிரிச்சது போதும், எழுதுடி" என்று அதட்டினேன். ரவிக்கை தவிர வேறெதுவும் தைத்தறியாதவள் அவள். ஆனால் ஆண் தையல்காரர் முன்னால் நான் போய் இப்படி நிற்க முடியுமா? தன் வீட்டுக்காரருடைய பழைய பேண்ட் ஒன்றைத் தையல் பிரித்துப் பார்த்து, அதுபோலவே வெட்டித் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

நான் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் கிராம நர்ஸ். எட்டு ஊர் என் பொறுப்பு. அதில் மூன்றுக்குத்தான் பாதை என்று சொல்லக்கூடிய பாதை உண்டு. மிச்சத்துக்கு ஆடு போகிற தடம், ஓடைப் பள்ளம், கரட்டைச் சுற்றிப் போகிற சரளைக்கல் மேடு. அதில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரு பொம்பளை சேலையோடு போவதை எழுபத்தெட்டாம் வருஷத்தில் யார் யோசித்துப் பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது. சைக்கிளுக்கும் சேலைக்கும் ஏழாம் பொருத்தம். மெல்லிய வாயில் துணிச் சேலை உடைமுள்ளில் மாட்டினால் நார்நாராகப் போகும். கைத்தறி செயினுக்கு நல்ல தீனி. நைலக்ஸ் லேசில் கிழியாதுதான், இறக்கத்தில் காற்றை வாங்கி உப்பி முகத்தில் அறையும், பாதை தெரியாது. கண்டாங்கி தாங்கும் என்று ஒரு மாதம் கட்டிப் பார்த்தேன். வியர்வையில் நனைந்தால் அது தொடையை அறுத்துப் புண்ணாக்கிவிடும். முந்தானையை இழுத்துச் செருகி, கொசுவத்தை ஊக்குப் போட்டு முடிந்து, என்னென்னவோ வித்தை செய்து பார்த்தாயிற்று. நான் பிரசவம் பார்த்ததைவிடச் சேலை தைத்துக்கொண்டு உட்கார்ந்த நேரம்தான் அதிகம் என்று எரிச்சலாக வரும்.

எரிச்சலோடு முடிந்திருந்தால் கால்சட்டை வரைக்கும் போயிருக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சூரங்கரட்டில் தங்கப்பொண்ணுவுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தது. சூரங்கரடு என்பது கரட்டுக்குப் பின்னால் பதினெட்டு குடிசை. ஓடை இறக்கத்தில் சேலையையும் பாவாடையையும் சேர்த்து செயின் இழுத்துக்கொண்டது. சைக்கிள் மேலே, நான் கீழே. பிரசவப் பை எட்டாத தூரத்தில் போய் விழுந்தது. கத்தரிக்கோல் அதற்குள். துணியைப் பல்லால் கடித்து, கையால் கிழித்து, வெளியே வர முக்கால் மணி நேரமானது. கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பிள்ளை கால் முதலில் வந்து, கழுத்து மாட்டி நின்றிருந்தது. ஆண் பிள்ளை. தங்கப்பொண்ணு அழவில்லை. என்னைத் திட்டவுமில்லை. "கொஞ்சம் முந்தி வரைக்கும் அசைஞ்சுச்சு நர்ஸம்மா. நான் கை வச்சுப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் என் பாடு சுலபமாகப் போயிருக்கும்.

இப்போது அவள் மறுபடியும் நிறைமாதம். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டாவது மேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். மாமியார் கருப்பாயி ஒப்பவில்லை. "நீங்க வந்துருங்க நர்ஸம்மா, போதும்" என்றாள் தங்கப்பொண்ணு. "இந்தத் தடவை பறந்து வாரேன், பாரு" என்று அவள் வயிற்றில் கைவைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். வாயால் சொல்லியாயிற்று. பறக்க வேண்டுமே.

அளவு எடுத்த கையோடு ஆரிபாவையும் கூட்டிக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்குப் போனேன். கிழியாத துணி வேண்டும் என்றேன். கடைக்காரர் டெரிகாட்டனை விரித்தார். ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி ஓரத்தில் ஒரு கீறு கீறினேன், இழை எழும்பி வந்தது. பாப்ளின் ஒரு மழைக்குத் தாங்காது. கார்டுராய் கனம், இந்த வெயிலில் அதைப் போட்டால் நானே வெந்துவிடுவேன். டிரில் துணியைக் கையில் வாங்கியதுமே இதுதான் என்று பட்டுவிட்டது. வெள்ளை டிரில் இருந்தது, செம்மண்ணில் ஒரு நாளைக்குக்கூட உதவாது. நீலத்தை ஈரக் கைக்குட்டையால் தேய்த்தேன், சாயம் கையோடு வந்தது. கடைசியாகக் காக்கியை எடுத்துப் போட்டார். ஊக்கால் கீறினேன், கோடு விழவில்லை. தேய்த்தேன், நிறம் விடவில்லை. ஆரிபா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து, கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க, இழுத்தோம். அது பாட்டுக்குக் கிடந்தது.

"போலீஸ்காரங்களே இதத்தான் எடுக்குறாங்கம்மா. எம்புட்டு ஓட்டம், எம்புட்டு அடிதடி! கிழிஞ்சதுன்னு ஒருத்தர் திரும்பி வரல" என்றார் கடைக்காரர்.

"மண்ணு கலருக்கா. அழுக்குந் தெரியாது" என்றாள் ஆரிபா. கால்சட்டைக்கு மேலே ரவிக்கை மட்டும் போட்டால் அசிங்கமாக இருக்கும், இடுப்புக்குக் கீழே இறங்குகிற மாதிரி ஒரு சட்டையும் வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். அடக்கத்துக்கு. அதற்கும் சேர்த்து அதே துணியில் வெட்டச் சொன்னேன்.

எட்டு நாளில் தைத்துக் கொடுத்தாள். புண்ணியவதி, என்னமாய்த் தைத்திருந்தாள்! உட்காருகிற இடத்திலும் முழங்காலிலும் உள்பக்கமாக இன்னொரு துணி வைத்து, தையல் மேல் தையலாக ஓட்டியிருந்தாள். செயினில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் பட்டி வைத்து இரண்டு பட்டன். "இதப் போட்டுக்கிட்டு நீங்க மலையே ஏறலாம்க்கா, இன்ஷா அல்லா" என்றாள். கொட்டாம்பட்டி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதை மாட்டிப் பார்த்தேன். காலை அகட்டினேன், மடக்கினேன், எங்கேயும் பிடிக்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், தனியாக அந்த அறையில் இரண்டு தடவை குதித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சூரங்கரட்டிலிருந்து முருகம்மாள் வந்துவிட்டாள். தங்கப்பொண்ணுவுக்குப் பக்கத்துக் குடிசைக்காரி. விடியும்போதே வலி கண்டுவிட்டதாம், ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள். உள்ளே போய் உடுப்பை மாற்றிக்கொண்டு நான் வெளியே வந்ததும் வாயில் கைவைத்தாள். "ஆத்தாடி! ஆரு வீட்டு மாப்ளையோன்னுல்ல நெனச்சேன்!"

"நீ பைய நடந்து வா. நான் முன்ன போறேன்" என்று பையைக் கேரியரில் கட்டி ஏறினேன். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தேன். எப்போதும் ஆள் வந்து கூப்பிட்டால் அந்த ஆளோடுதான் போவேன். பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவளுக்குப் பேச்சுத் துணையாக இருக்கும். அன்றைக்குத்தான் எனக்குத் துணை தேவைப்படவில்லை.

அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் என் கால் துடிக்கிறது. முள் கீறியது, துணி பொருட்படுத்தவில்லை. ஓடை இறக்கத்தில் நான் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. சரளையில் பின்சக்கரம் வழுக்கியபோது காலை ஊன்றி நிமிர்த்தி, மறுபடி மிதித்தேன். ஒன்றரை மணி நேரப் பாதை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. கடைசி வளைவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பொம்பளை ஒருத்தி பாறை மேல் ஏறி என்னைப் பார்த்தாள். பார்த்தவள் கையைக் குவித்து நீளமாக ஒரு குலவைபோலக் கூவினாள். நர்ஸம்மா வந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சைக்கிளில் இருந்தபடியே அவளுக்குக் கையை ஆட்டினேன். பாவி, கையை ஆட்டினேன்.

ஊரில் ஒரு ஈ காக்கை இல்லை. குடிசைகள் திறந்து கிடந்தன. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பானை கவிழ்ந்து, தெருவெல்லாம் சாராய வாடை. தங்கப்பொண்ணுவின் குடிசைக்குள் பாய் நனைந்திருந்தது, பனிக்குடம் உடைந்த ஈரம். சுடுதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். வலியில் கிடக்கிறவளை எங்கே கொண்டுபோவார்கள் என்று திகைத்து நின்றேன். குனிந்தபோதுதான் என் கால் எனக்குத் தெரிந்தது. காக்கிக் கால்சட்டை. காக்கிச் சட்டை. தலையில் கட்டு. போன வருஷம் சாராய ரெய்டு வந்தபோது, பிள்ளைத்தாய்ச்சி என்றும் பார்க்காமல் ஒருத்தியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அதை எனக்கு வாய்வலிக்கச் சொன்னவளே தங்கப்பொண்ணுதான். அதிலிருந்து காக்கி என்றால் அந்த ஊர் கரட்டில் ஏறிவிடும். எனக்குத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும். சாயம் போகுமா என்று தேய்த்துப் பார்த்தேனே தவிர, அது என்ன நிறம் என்று நான் பார்க்கவே இல்லை.

"நான் நர்ஸு! அன்னக்கொடி வந்திருக்கேன்!" என்று கத்திக்கொண்டு, பிரசவப் பையோடு கரட்டில் ஏறினேன். கரட்டில் மோதி என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. நான் கூப்பிடக் கூப்பிட மேலே சருகு மிதிபடுகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. அதனால் கத்துவதை நிறுத்திவிட்டு, பாறையில் ஈரமும் ரத்தமும் சொட்டியிருந்த தடத்தைப் பார்த்துப் பார்த்து ஏறினேன். வழி தவறி ஒருமுறை இறங்கி, மறுபடி ஏறினேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

தொங்குபாறைக்கு அடியில் தங்கப்பொண்ணுவும் கருப்பாயியும் இருந்தார்கள். மற்றவர்கள் அதற்கு மேல் தூக்க முடியாமல் இவர்கள் இரண்டு பேரையும் அங்கே விட்டுவிட்டு இன்னும் உயரத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். கிழவி இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கி நின்றாள். "கிட்ட வராத! பெத்துக்கெடக்காய்யா, புண்ணியமாப் போகும், போயிரு!"

துண்டை அவிழ்த்து எறிந்தேன். கல் அவள் கையிலிருந்து விழுந்தது. "தாயி... நீங்களா தாயி?"

பெண் பிள்ளை. உயிரோடு, கொடி அறுக்காமல், கருப்பாயியின் முந்தானையில் கிடந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. எவ்வளவு நேரமாகப் போய்க்கொண்டிருந்ததோ, பாறைப் பள்ளத்தில் தேங்கியிருந்தது. கொடியைக் கட்டி அறுத்தேன். ஊசி போட்டேன். வயிற்றைப் பிசைந்தேன், துணியைத் திணித்தேன், முழங்கால் ஊன்றிக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் செய்தேன். குடிசையிலேயே, சுடுதண்ணீர் பக்கத்தில், நாற்பது நிமிஷத்தில் செய்திருக்க வேண்டியது அது.

தங்கப்பொண்ணு கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். யார் என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரமானது.

"நர்ஸம்மா" என்றாள். "சொன்ன மாதிரியே வெரசா வந்துட்டீகளே."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. என் விரலுக்கடியில் நாடி தேய்ந்துகொண்டே வந்து, ஒரு நேரத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய், பிறகு இல்லை என்று தெரிந்துபோனது. கருப்பாயி வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழக்கூட அவளுக்குப் பயம். எனக்கு அழுகை வரவில்லை. என்னையே கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது.

பிள்ளை கத்த ஆரம்பித்தது. தண்ணீரில் விரலை நனைத்து வாயில் வைத்தேன், துப்பிவிட்டுக் கத்தியது. "ராமக்கா கைப்பிள்ளக்காரி. அவதான் பால் குடுக்கணும்" என்றாள் கருப்பாயி, மேலே கையைக் காட்டி. "இந்தக் கோலத்தோட நீங்க நின்னா இருட்டுற வரைக்கும் எறங்க மாட்டா, தாயி." எழுந்து போய்க் கூப்பிட அவளுக்குக் காலில் தெம்பில்லை, மருமகளின் தலையை மடியிலிருந்து இறக்கவும் மனசில்லை. தூக்கிக்கொண்டு ஓடிவந்த மூட்டையை அவிழ்த்து, ஒரு சிவப்புச் சுங்குடிச் சேலையை எடுத்து நீட்டினாள். பெற்று எழுந்ததும் தங்கப்பொண்ணு மாற்றிக் கட்டிக்கொள்ள எடுத்து வைத்தது.

பாறைக்குப் பின்னால் போனேன். விரலெல்லாம் ரத்தம் காய்ந்து, கணுக்கால் பட்டனைக் கழற்ற முடியவில்லை. இழுத்துப் பார்த்தேன், ஆரிபாவின் தையல் விட்டுக்கொடுக்கவில்லை. எச்சிலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, காக்கிச் சட்டையையும் உருவிப் போட்டு, சேலையைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்து, மேலே இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வெட்டவெளிப் பாறையில் போய் நின்றேன்.

"ராமக்கா!" என்றேன். கத்திக் கத்திக் குரல் போய், காற்றுத்தான் வந்தது. உச்சி வெயிலில் கண் கூசியது. மேலே ஒன்றும் அசையவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன்.

வெகுநேரம் கழித்து ஒரு சூரம்புதர் அசைந்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி எழுந்து, கையை நெற்றிக்கு வைத்துக் கீழே பார்த்தாள். சிவப்புச் சேலையைப் பார்த்தாள், என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"ஏ தங்கப்பொண்ணு! பெத்துட்டியாடி?" என்று கத்தினாள். "என்ன பிள்ளடி? போலீசுக்காரன் போயிட்டானா?"

பிள்ளை என் ரவிக்கையை முட்டி முட்டிக் கத்தியது. கையைத் தூக்கி, வா என்று ஆட்டினேன்.

அவள் வாய்கொள்ளாத சிரிப்போடு, தன் பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, பாறை பாறையாக இறங்கி வர ஆரம்பித்தாள்.