அறுபத்து நான்கு வயது வரை

எனக்கு உயரம் ஆகாது. இதைச் சொல்ல நான் வெட்கப்பட்டதே இல்லை. வீட்டில் விளக்கு எரியாமல் போனால் ஏணியில் ஏறுவது என் மனைவி கயோகோதான். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன். அதற்கும் ஓர் ஆள் வேண்டும்தானே.

அதனால் எங்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவின் ரோலர் கோஸ்டரில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஷிரானமி என்று அதற்குப் பெயர். வெள்ளை அலை. கடலை ஒட்டி வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கரை திரும்பும்போது முதலில் தேடுவது அதைத்தான். கல்யாணமான வருடம் தொடங்கி ஒவ்வொரு அக்டோபரிலும் கயோகோ அதில் ஏறிவிடுவாள். நான் அடியில் பெஞ்சில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சு ஐஸ்கிரீம் தின்றபடி காத்திருப்பேன். சங்கிலி கடகடவென்று வண்டியை மேலே இழுக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நிமிர்ந்து பார்க்கவே மாட்டேன்.

கயோகோ அழகு நிலையம் வைத்திருக்கிறாள். வருடம் முழுக்க நின்றபடியே ஊர்ப் பெண்களின் தலையைக் கழுவி, வெட்டி, சாயம் போட்டு, அவர்கள் மாமியார்களைப் பற்றிச் சொல்வதற்கெல்லாம் "அப்படியா, அடடா" என்று சிரித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவளுக்கும் கத்த வேண்டும். ஷிரானமி இருக்கிறதே, அதில் யார் எவ்வளவு கத்தினாலும் ஏனென்று கேட்க ஆள் கிடையாது.

இந்த வசந்தத்தில் பூங்காக்காரர்கள் அறிவித்தார்கள்: நவம்பரோடு ஷிரானமி ஓய்வு பெறுகிறது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, உதிரிப் பாகம் கிடைப்பதில்லை, கெட்ட பெயர் வருவதற்கு முன் நல்ல பெயரோடு நிறுத்திவிடுகிறோம் என்றார்கள். நாற்பது வருடத்தில் அது யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்படுத்தியதில்லை. கடல் உப்பை எதிர்த்து வருடா வருடம் புது வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு நின்றது. ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்குப் போடுவதுபோல் முன் பெட்டிக்குக் குறுக்கே பட்டுப் பட்டை கட்டியிருந்தார்கள். 'நீண்ட காலம் உழைத்தீர்கள்' என்று அதில் எழுதியிருந்தது. ஏறும் மேடையின் சாமி மாடத்தில் யாரோ ஒரு புட்டி சாக்கே, அரிசி மது, வைத்திருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அதில் ஏற அறுபத்து நான்கு வயது வரைதான் அனுமதி. சின்னப் பிள்ளைகள் உயரம் அளக்கும் பலகைக்கு முன்னால் குதிகாலைத் தூக்கி நிற்கும். கிழவர்களுக்கு அப்படி ஒரு தந்திரமும் இல்லை. கயோகோ என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அறுபத்தாறு. சட்டம் சட்டம்தான் என்று இரண்டு வருடமாக ஏறாமல் இருந்தவளுக்கு, கடைசி ஞாயிறு நெருங்க நெருங்க இருப்புக்கொள்ளவில்லை.

"எனக்குப் பொய் சொல்ல வராது. கேட்டா அறுபத்தாறுன்னு வாய் தானா சொல்லிடும்" என்றாள்.

"நீ வாயே திறக்காத. நான் கூட வரேன். யார் கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்."

"நீங்க எங்க வரப் போறீங்க? பேரக் கேட்டாலே மொகம் வெளுத்துடும்."

"மேடை வரைக்கும்தான். ஏற மாட்டேன்னு அழுவுற பிள்ளைங்க எறங்கிப் போறதுக்கு அங்க ஒரு கதவு இருக்குல்ல? நீ உக்காந்ததும் அது வழியா நைசா நழுவிடுறேன்."

கயோகோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவால்லையே, எனக்காக ஒரு தப்பு பண்ற அளவுக்கு முன்னேறிட்டீங்க."

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் டிரைவிங் பள்ளியில் பயிற்சியாளர். சட்டத்தை மதிப்பது என் பிழைப்பு. நாற்பது வயதிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. கயோகோ சாயம் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சியும் நான் இடம் கொடுக்கவில்லை. அவள் தலையோ கருகருவென்று இருக்கும், கடைக்கு விளம்பரம் மாதிரி.

கடைசி ஞாயிறன்று கூட்டம் நெரிந்தது. வரிசையில் பாதிப் பேர் கழுத்தில் ஷிரானமி துண்டு போட்டிருந்தார்கள். மேடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கதவு எங்கே என்று முதலில் பார்த்துவைத்துக்கொண்டேன். அங்கே ஹிராயாமா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்தாள். கயோகோவிடம், "வாங்கம்மா, முன் பெட்டி இடது பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினாள்.

"மன்னிச்சிருங்க அய்யா. அறுபத்து நாலு வயசு வரைக்கும்தான் அனுமதி."

கயோகோ அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். மடிக்கு மேல் இரும்புக் கம்பியும் இறங்கிவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 'சரிம்மா' என்று சொல்லி அந்தக் கதவு வழியாகப் போக வேண்டும். அதற்காகத்தானே வந்தேன்!

ஆனால் பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "விடுங்க தாத்தா, கீழ போய் டீ குடிங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாருய்யா தாத்தா? எனக்கு அறுபத்து நாலுதான்!" என்று லைசென்ஸை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் அதை இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்து, தப்பு தப்பு என்று குனிந்துகொண்டே இருந்தாள். சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் வந்தார். அவரும் குனிந்தார். பிறகு வெகு பணிவாகச் சொன்னார்:

"ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டது முறையில்ல. அம்மாவோடதையும் ஒரு தடவ பாத்துடறோம், தப்பா நெனைக்காதீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியிலிருந்து கயோகோவின் குரல் வந்தது. "அறுபத்தாறு."

கம்பி மேலே போனது. அவள் இறங்கினாள். இறங்கும்போது வண்டியின் பக்கவாட்டை உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள், அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்யாணமான நாள் முதல் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஹிராயாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். என்மேல்தான் வந்தது. என் நரைத்த தலையை நானே பிடித்து ஆட்ட வேண்டும் போலிருந்தது.

"அந்த எடத்துல நான் உக்காரறேன்" என்றேன்.

கயோகோ திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான்."

"கண்ண மூடிக்கிட்டுப் போறதுன்னா வேணாம். பின்னாடி எத்தன பேரு நிக்கிறாங்க, எடத்த வீணாக்காதீங்க."

"மூட மாட்டேன்."

"மூடுவீங்க." என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு, அழுகிற பிள்ளைகளின் கதவு வழியாக அவள் போய்விட்டாள்.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்து உட்கார்ந்தாள். மேடையிலிருந்தவர்கள் வரிசையாக நின்று ஷிரானமிக்கு ஒரு நீண்ட நன்றி உரை படித்தார்கள். அது முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முடிந்துவிட்டது. எல்லாரும் இரண்டு கைகளையும் ஆட்டி, "போயிட்டு வாங்க!" என்றார்கள். வண்டி நகர்ந்தது. சங்கிலி அடியில் கொக்கி மாட்டியதும் நான் கண்ணை மூடிவிட்டேன். அவள் சொன்னது சரிதான்.

ஏறிக்கொண்டே இருந்தது. இவ்வளவு உயரமா என்று உள்ளே யாரோ அழுதார்கள். நான்தான். பக்கத்துப் பெண் என் தோளைத் தட்டினாள்.

"அய்யா, கீழ ஒரு அம்மா குதிக்கிறாங்க. உங்களப் பாத்துத்தான்னு நெனைக்கிறேன்."

கண்ணைத் திறந்தேன். இடது பக்கம், நேர் கீழே, நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சு தெரிந்தது. அதன் மேல் ஏறி நின்று கயோகோ இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பெரிய பூங்காவில், அத்தனை கூட்டத்தில், அந்தப் பெஞ்சு மட்டும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. வண்டி மெதுவாக ஏறுகிற நேரம் முழுவதும் வேறு எதுவுமே கண்ணில் படாது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமும் இந்த உயரத்திலிருந்து அவள் பார்த்தது என்னையா?

யோசிக்க நேரமில்லை. உச்சியில் கடல் மொத்தமும் எதிரே நின்றது. அடுத்த நொடி நாங்கள் அதற்குள் விழுந்தோம்.

நான் கத்தினேன். வெட்கமில்லாமல் கத்தினேன். ஆனால் முதல் வளைவிலேயே எனக்கு ஒன்று புரிந்தது, என் தொழில் அதுதானே. இவ்வளவு வேகத்தில் ஒரு வளைவை இப்படி எடுக்க என் மாணவர்களில் ஒருவருக்கும் வராது, எனக்கும் வராது. தூக்கி எறியப் போகிறது என்று நினைக்கிற இடத்தில் நம்மை அப்படியே இருக்கையில் அமர்த்தி, அடுத்த மேட்டுக்குத் தயாராக்கிவிடுகிறது. வண்டி எலும்பு எலும்பாக முனகியது, ஆனால் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பயமுறுத்துவதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதையும் ஒரே நேரத்தில் செய்தது. இரண்டாவது மேட்டில் என் கைகள் கம்பியை விட்டுத் தாமாக மேலே போய்விட்டன. என்ன ஒரு வண்டி! இதைப் போய் நான் வயிற்றைக் கலக்குகிற சத்தம் என்று நினைத்திருந்தேனே.

வண்டி மேடைக்குத் திரும்பி நின்றபோது, "வாங்க வாங்க, நல்லபடியா வந்துட்டீங்க!" என்று கை தட்டினார்கள். கால் தரையில் பாவவில்லை. பெஞ்சுக்குப் போய் கயோகோவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"கண்ண மூடினீங்கதானே?"

"கொஞ்ச நேரம். அப்புறம் தெறந்துட்டேன்."

"நான் தெரிஞ்சேனா?"

"தெரிஞ்ச. பட்டாணி அளவுக்கு."

"நீங்களும் அவ்வளவுதான் தெரிவீங்க. வருஷா வருஷம். குனிஞ்ச தலையும் கையில ஐஸ்கிரீமுமா."

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீ கையாட்டுவியா?"

"மொத அஞ்சாறு வருஷம் ஆட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்கு? ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுக் கத்த ஆரம்பிச்சேன். அது அதவிட நல்லாருந்துச்சு."

ஷாம்பு விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். குறையாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். என் பக்கத்தில் ஒருத்தி வருடத்துக்கு ஒரு நாள் இவ்வளவு உயரத்தில் இருந்திருக்கிறாள், நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"ஐயய்ய, என்னங்க இது. எல்லாரும் பாக்கறாங்க. ஷிரானமிக்காக அழறீங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க."

"அதுக்கும் சேத்துத்தான்."

"இன்னைக்கு நான் ஏற முடியாமப் போனதுக்கு?"

"அதுக்குத்தான் மொதல்ல."

"சரி, அப்ப அழுங்க" என்று அவள் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கடைசி வண்டி கிளம்பியது. கூட்டம் முழுவதும் வேலியோரம் நின்று, "ரொம்ப நன்றி! ரொம்ப உழைச்சீங்க!" என்று கத்தியது. நான் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தேன். தலை சுற்றத்தான் செய்தது. முன் பெட்டியின் இடது பக்கத்தில் சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, கீழே யாருக்கோ மெல்ல ஆட்டினாள். யாரும் பதிலுக்கு ஆட்டுவதாகத் தெரியவில்லை. நான் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன்.

"யாருங்க அது?" என்றாள் கயோகோ.

"தெரியாது."

"தெரியாதவங்களுக்கா இப்படி ஆட்டறீங்க?"

"கீழ ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்னு அவளுக்குத் தெரியட்டும்" என்றேன். வண்டி உச்சியைத் தாண்டி மறையும் வரை நான் கையை இறக்கவில்லை.