இடது கைக்கு ஒரு டாஷ்போர்டு

லாரிக்காரன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அச்சை நெம்பிக்கொண்டிருந்தான். பிளாஸ்டரில் செய்த அச்சு. அதற்குள் கண்ணாடி நார்த் துணியும் ரெசினும் சேர்ந்து இறுகி, லாரியின் டாஷ்போர்டில் பொருத்துகிற பலகமாக வெளியே வர வேண்டும். ஒட்டாமலிருக்கப் பூசிய மெழுகு சரியாகப் படியாத மூலையில் அது உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. மர ஆப்பை வைத்துத் தட்டினான். பலகம் நடுவில் பிளந்து, பாதி கையோடு வந்தது, பாதி அச்சிலேயே நின்றது.

"போச்சு," என்றான்.

"அச்சு உடையலையே மாமா, அது போதும்," என்றான் வாசலில் நின்ற மச்சினன். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ரெசின் கலக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். "முதல் தோசை கல்லுல ஒட்டத்தான் செய்யும்."

லாரிக்காரன் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் வண்டிப் பரிசோதனை.

சரக்கு இறக்கும்போது லாரியின் பின்கதவு விழுந்து, அவனுடைய வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. ஸ்டீயரிங்கில் ஒரு குமிழைப் பொருத்தி, உள்ளங்கையால் வண்டியைத் திருப்பப் பழகிவிட்டான். விளக்கு, வைப்பர், பார்க்கிங் பிரேக் எல்லாம் வலப்பக்கம் இருந்ததுதான் தொல்லை. அவற்றை இடது கைக்கு எட்டும்படி மாற்றியாக வேண்டும். அந்தப் பழைய லாரிக்கு உதிரி பாகமே வருவதில்லை. இடது கைக்காரனுக்குத் தனியாக எவன் செய்வான்? தகரத்தை வளைத்துச் சுவிட்சுகளை மாட்டிக்கொண்டு முதல் பரிசோதனைக்குப் போனபோது பரிசோதகர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

"திடீர்னு பிரேக் போட்டா இந்தத் தகரம் உங்க வயித்தக் கிழிச்சிடும். வார்த்தெடுத்த மாதிரி வழவழன்னு இருக்கணும். இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கறேன். அப்பவும் சரியில்லன்னா லைசன்ஸ ரத்து பண்றதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அன்றிலிருந்து சமையலறை பட்டறையாகிவிட்டது. அடுப்பு வராந்தாவுக்குப் போனது. ரெசின் நாற்றம் சோற்றிலும் ஏறியது. மகளுக்கு இருமல் வரவே, அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மச்சினன் ஏதோ வேலையாகக் கிளம்பிப் போனான். லாரிக்காரன் அச்சைச் சுரண்டிக் கழுவித் துடைத்து, மறுபடி மெழுகு பூசினான். வெளியே காலையிலிருந்து விடாத மழை. இந்த ஈரத்தில் ரெசின் இறுகுமா என்ற பயத்தில் அதை இறுகவைக்கிற ஹார்டனரைத் தாராளமாக ஊற்றிவிட்டான். பிரஷ்ஷை எடுப்பதற்குள் குவளை சுட்டது. புகைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. வீட்டில் இருந்த ரெசின் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை, கடையும் கிடையாது.

அவன் அச்சைத் தலைக்கு மேலே தூக்கினான். தையல் மெஷினில் இருந்த மனைவி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வைங்க அத. கீழ வைங்க."

"விடு. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"வேற வேலையே இல்லையா உலகத்துல?"

"ரெண்டு விரலுக்கு எவன் வேலை குடுப்பான்? நீ குடுப்பியா? காஜா எடுக்கச் சொல்லுவியா?"

அவள் அச்சை வாங்கித் தரையில் வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க," என்றாள். "முதல் பலகம் ஒட்டிக்கிட்டு உடைஞ்சுதே, அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"நீங்க வண்டியெடுத்துட்டுப் போனா, போன் அடிக்கிறப்பல்லாம் எனக்கு உசிரு போயிட்டு வரும். அன்னிக்கும் போன்லதானே சொன்னாங்க. இது வராமலே போயிடணும்னு சாமியக் கும்பிட்டேன். பாவிதான் நான்."

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. விபத்து நடந்த அன்றுகூட அழாதவன், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். "எனக்கு வேற எதுவும் தெரியாதுடி," என்றான். "வண்டிய விட்டா நான் வெறும் ஆளு."

அவள் எழுந்து தம்பிக்குப் போன் போட்டாள். தன் பெயின்ட் பட்டறையில் கிடந்த பழைய ரெசின் டப்பாவோடு மச்சினன் நனைந்துகொண்டே வந்தான். ஒரு பலகத்துக்குத்தான் காணும். இனி தப்பு செய்ய இடமில்லை. ஹார்டனரை அவனே அளந்து கலந்தான். நார்த் துணி வளைவுகளில் சுருங்கிச் சுருங்கி எழுந்தது. அவள் அதை உருவி எடுத்து, ரவிக்கைக்கு டாட் மடிப்புப் பிடிப்பதுபோல் வளைவுக்கு வளைவு கத்தரித்துத் தந்தாள். துணி அச்சில் தோலாகப் படிந்தது. ஒரு வெட்டும் பிசகவில்லை.

தையல் மெஷின் விளக்கை அச்சுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக் காய விட்டார்கள். சாயங்காலம் ஆப்பை ஒரே ஒரு தட்டுத் தட்டியதும் பலகம் கழன்று வந்தது. அவன் உப்புத்தாளை எடுத்து விளிம்பைத் தேய்க்கத் தொடங்கினான்.

இரவே சுவிட்சுகளோடு வண்டியில் பொருத்தியிருந்த பலகத்தைக் காலையில் பரிசோதகர் தடவினார், அழுத்தினார், ஆட்டிப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். மழையில் வைப்பரைப் போடச் சொன்னார். ஏற்றத்தில் நிறுத்தி பார்க்கிங் பிரேக்கை இழுக்கச் சொன்னார். இடது கை எல்லாவற்றையும் செய்தது. வலது உள்ளங்கை குமிழை அழுத்தியபடி வியர்த்து வழிந்தது.

"பலகத்துல குறையில்ல," என்றார் இறங்கும்போது. "ஆனா நெடுந்தூரம் ஓட்ட அனுமதி தர மாட்டேன். ஊருக்குள்ள ஓட்டலாம். அடுத்த வருஷம் வாங்க, பாக்கலாம்."

"சார், நான் ஓட்டினதெல்லாம் நெடுந்தூரம்தான் சார்."

"தெரியும்," என்று சொல்லி அவர் அடுத்த வண்டிக்கு நடந்தார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் சீட்டிலேயே இருந்தான். மனைவி வந்து கதவடியில் நின்றாள். அவன் முகத்தை வைத்து அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஊருக்குள்ள மட்டுந்தானாம்," என்றான்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். சந்தோஷத்தை மறைக்க அவள் படும் பாட்டை அவன் பார்த்தான். கோபம் வரவில்லை, தனக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்கில்லை என்பதுதான் உறைத்தது.

"சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்," என்றாள் மெதுவாக.

"ம். வந்துடலாம்," என்றான். எஞ்சினை அணைக்க இடது கையை நீட்டினான்.