காலி டப்பா

எதிர்வீட்டு நாத்தனாரைத் தூக்கித் தொலைக்காட்சித் தொடரில் வில்லியாகப் போடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். கதைக்காரிக்கு அது கிடையாது. வேலை போய்விடுமே என்ற பயம் மட்டும் நிறைய இருந்தது.

அவள் எழுதும் மாலைத் தொடரில் மாமியார் ஒருத்தி புருவத்தை உயர்த்துவதும் பாலில் விஷம் கலப்பதுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்கள் பயப்படவும் இல்லை, திட்டவும் இல்லை. அவள் திரையில் வந்ததும் எழுந்துபோய்த் துணி மடித்தார்கள். தயாரிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

"இது பொம்பளையாம்மா? அட்டையில வெட்டி நிறுத்தின மாதிரி இருக்கா. இந்த மாசத்துக்குள்ள அவளுக்கு உசிரு வரலேன்னா மூட்டை கட்டிடலாம்."

உயிருக்கு எங்கே போவது? கதவைத் திறந்தால் எதிரிலேயே இருந்தது. கணவனின் அக்கா, யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைத் தேடமாட்டாள், நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறப்பாள். "புடவை நல்லாத்தான் இருக்கு, உனக்கு இது போதும்" என்று பாராட்டுவாள். தும்மினால், அடுத்தவர் தூசி கிளப்பியதுபோல முறைப்பாள். கதைக்காரி அத்தனையையும் அள்ளி வில்லிக்குக் கொடுத்தாள். வில்லியாயிற்றே என்று தன் பங்குக்கு ஒன்றும் சேர்த்தாள்: மருமகள் பலகாரம் போட்டுக் கொடுத்த டப்பாவை, வில்லி கழுவாமல் காலியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

குடியிருப்பே சிரித்தது. தயாரிப்பாளர் சிரிக்கவில்லை. "சரிம்மா, சிரிக்கிறாங்க. நாளைக்கு இவ என்ன பண்ணுவான்னு ஒருத்தராவது கேக்கறாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை. கணவன் செய்தித்தாளை விரித்து அதற்குள் குடிபோனான்.

"அந்தப் பொம்பளை நான்தானே?"

"ஐயோ, இல்லண்ணி. அது சும்மா கற்பனை..."

"எதுடி கற்பனை? ஃப்ரிட்ஜைத் திறக்கறது நான். குத்திப் பேசறது நான். தும்மிட்டு முறைக்கறதும் நான்தான். அதெல்லாம் போகட்டும். டப்பாவைக் காலியா குடுத்தது எவ?"

கதைக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாத்தனார் உட்காரவில்லை.

"உன் டப்பா என்னிக்காவது காலியா வந்திருக்கா? உன்கூட மாசக்கணக்கா பேசாம இருந்தேனே, அப்பவாவது?"

வந்ததில்லை. அந்தச் சண்டைக் காலம் முழுக்க வாசலில் டப்பா இருக்கும், மணி அடிக்கும், எதிர்க்கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். திறந்தால் ஆவி பறக்கும்.

"ருசியாவும் இருக்கும்," என்றது செய்தித்தாள்.

"நீ படிடா."

அன்று மதியமே கதைக்காரி உட்கார்ந்து எழுதினாள். வில்லி பொய்ப் பத்திரம் காட்டி மருமகளின் வீட்டைப் பிடுங்கித் தெருவில் நிறுத்துகிறாள். மருமகள் பெட்டியோடு முனை திரும்பும்போது, பின்னால் வில்லி மூச்சிரைக்க ஓடி வருகிறாள். மனம் மாறிவிட்டாளோ என்று மருமகள் நிற்க, கையில் சுடச்சுட ஒரு டப்பாவைத் திணிக்கிறாள். "போன தடவை காலியா குடுத்துட்டேன். அதுலேர்ந்து தூக்கமில்ல. இனிமே இந்தப் பக்கம் வராத." திரும்பிப் போய்க் கதவைச் சாத்துகிறாள்.

அது ஒளிபரப்பான மாலை எந்த வீட்டிலும் துணி மடியவில்லை. மறுநாள் இரண்டாம் மாடிப் பல் டாக்டர் லிஃப்டுக் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு கேட்டார்: "அவ நல்லவளா, கெட்டவளா? சொல்லிட்டுப் போங்க. எங்க வீட்ல ரெண்டு கட்சியாகி காபி கிடைக்கல." தயாரிப்பாளர் போனில் குழைந்தார். "இன்னும் ஒரு வருஷம் ஓடும்மா. அது இருக்கட்டும், நாளைக்கு என்ன பண்ணப்போறா? எனக்கு மட்டும் சொல்லு, வீட்டுக்காரி கேக்கறா."

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதைக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்க, உன் அளவுக்கு," என்றாள் நாத்தனார், உள்ளே எட்டிப் பார்த்தபடி. "அந்த நடிகையைக் கொஞ்சம் வேகமா ஓடச் சொல்லு. அவ போய்ச் சேர்றதுக்குள்ள டப்பா ஆறிடும். இன்னொண்ணு, கடைசியில அவளைத் திருத்திகிருத்தி வெச்சிடாத. அப்புறம் நான் எதைப் பார்க்கறது?"

"திருத்தமாட்டேன் அண்ணி."

எதிர்க்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மேசைமேல் அவள் வைத்துவிட்டுப் போன டப்பாவின் மூடியைக் கணவன் அதற்குள் திறந்துவிட்டிருந்தான்.