ஊருக்கு வேண்டாதவள்

"மன்னிப்புக் கடிதத்துல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் மனாங் செனைடா," என்றார், சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய துணை மேயர் ரோதெல். "இல்லேன்னா உங்களை ஊருக்கு வேண்டாதவங்கன்னு தீர்மானம் போட்டுடுவோம். அப்புறம் சந்தையில கடை இருக்காது."

ஊரே 'மனாங்', அதாவது அக்கா, என்று கூப்பிடும் செனைடாவுக்குக் கருவாட்டுக் கடைதான் சோறு. அவள் செய்த குற்றம், புதுப் படகுத்துறையைப் பற்றி வானொலிக்காரனிடம் வாயைத் திறந்தது.

அந்தத் தீவின் நகரசபைக்கு வேறெதுவும் செய்யத் தெரியாவிட்டாலும் கண்டிக்கத் தெரியும். போன வருஷம் ஊரைக் கிண்டலடித்த ஒரு நடிகனை வேண்டாதவன் என்றது. அதற்கு முந்தி, திருவிழா அன்று புயல் வரும் என்று சொன்ன வானிலைக்காரனை. இருவரும் இந்தத் தீவை மிதித்ததே இல்லை. புயல் மட்டும் வந்தது.

"வேண்டாதவங்கன்னா என்ன அர்த்தம், வைஸ்?" துணை மேயரை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அது லத்தீன்ல பெரிய வார்த்தை மனாங், 'பெர்சோனா நான் கிராட்டா'ன்னு. வெளிநாட்டுத் தூதருங்களையே அப்படிச் சொல்லித்தான் அனுப்புவாங்க."

"நான் எந்த நாட்டுத் தூதரு? பொறந்ததே இந்த மாதாகோயிலுக்குப் பின்னாடி. எங்க போகச் சொல்றீங்க?"

ரோதெல் பக்கத்திலிருந்த கவுன்சிலரைப் பார்த்தார். கவுன்சிலர் தன் பிஸ்கட்டைப் பார்த்தார்.

"போக வேண்டாம். இங்கேயே வேண்டாதவங்களா இருக்கலாம்."

"உங்களைப் பாத்துப் பாத்து அது எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டேன். கையெழுத்து கிடையாது."

வாக்கெடுப்புக்கு முன் தீர்மானத்தை முழுவதும் வாசிக்க வேண்டும் என்பது விதி. இவள் மானம் போவதைச் சந்தையே கேட்கட்டும் என்று காலையிலேயே அங்கே ஒலிபெருக்கி கட்டச் சொல்லியிருந்தார் ரோதெல். அந்த அறிவு முழுக்க அவருடையது.

செயலாளர் ஃபெலிசிட்டாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்கில் வாசித்தாள். "புதிய படகுத்துறையில் பன்றி ஏறினாலே அது ஆடுகிறது என்று செனைடா கூறியதாலும், அதன் சிமென்ட்டில் பாதி துணை மேயரின் மைத்துனர் வீட்டு மாடியில் இருக்கிறது என்று கூறியதாலும்..."

ஜன்னல் வழியே சந்தையின் சிரிப்பு வந்தது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

"நிறுத்துங்க."

"இன்னும் நாலு 'கூறியதாலும்' பாக்கி, வைஸ். வாசிக்காம ஓட்டு எடுக்க முடியாது."

"அதையெல்லாம் எதுக்கும்மா எழுதினீங்க?"

"அவங்க சொன்னதை எழுதாம எதைக் கண்டிக்கிறது?"

"வாசிக்கட்டும் வைஸ்," என்றாள் செனைடா. "நான் ரேடியோவுல பேசினப்போ கரண்ட் இல்ல. பாதிப் பேரு கேக்கல. இது சபை முத்திரையோட வேற வருது."

கவுன்சிலர்கள் எட்டுப் பேரும் மேசையின் மரத்தை ஆராய்ந்தார்கள். நேற்றுவரை அவள் கடையில் ஓசிக் கருவாடு பொறுக்கிய கைகள், ஓட்டுக்குத் தூக்க ஆளில்லாமல் மடியில் கிடந்தன.

"தீர்மானத்தை ஒத்திவைக்கிறோம்," என்றார் ரோதெல்.

"என் கடை?"

"கடைக்கென்ன, இருந்துட்டுப் போகட்டும்," என்று முணுமுணுத்தார்.

செனைடா எழுந்திருக்கவில்லை. ஃபெலிசிட்டாஸின் முன்னாலிருந்த மைக்கைத் தூக்கி, ரோதெலின் வாய்க்கு நேராக வைத்தாள்.

"இதுல சொல்லுங்க."

சொன்னார்.