வெள்ளிக்கிழமை இருமல்

என் கார் வெள்ளிக்கிழமையானால் இருமும். மற்ற நாள்களில் பரம சாது. வெள்ளிக்கிழமை காலை முசரவாக்கத்திலிருந்து கிளம்பினால் காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் குலுங்கிக் குலுங்கி உயிரை வாங்கிவிடும். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு வேறு கண் சிமிட்டும்.

பழைய வண்டிதான். ஆனால் தையல் மிஷினை மிதித்து மிதித்து நான் வாங்கிய வண்டி. வீடு, நிலம், பைக், கேஸ் இணைப்புகூட என் வீட்டுக்காரர் கலைவாணன் பெயரில்தான். இந்த உலகத்தில் சந்தியா என்ற என் பெயரில் இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். அதைப் போய் அவர், "பேஜாரு புடிச்ச வண்டி, வித்துத் தொலைக்கலாம்" என்று சொல்லி, சனிக்கிழமைக்கு ஆளையும் வரச்சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரியாஸ் மேல் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு வேலை ஒழிவது திங்கள்கிழமைதான். அன்றைக்கு வண்டி ஜம்மென்று ஓடும். "ஒண்ணுமே இல்லியேக்கா" என்பார். இருந்தும் பிளக் மாற்றினார், அதன் மேல் செருகும் காயில் மாற்றினார், கம்ப்யூட்டரை மாட்டி விளக்கை அணைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, பழைய குருடி கதவைத் திறடி.

ஆள் வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. இருமல் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டிவிடுவது என்று கிளம்பினேன். காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று என் மாமியார் செல்லியம்மாளும் ஏறிக்கொண்டார். வண்டி குலுங்கும்போதெல்லாம், "எல்லாம் ஊர்க்கண்ணு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரியாஸ் பானெட்டைத் திறந்து காயிலை உருவினார். பிளக் உட்காரும் குழியில் தண்ணீர் நின்றது. அதுவும் மஞ்சள் தண்ணீர். அதில் ஒரு வேப்பிலை.

"இன்னாக்கா இது, வேப்பெலையெல்லாம் மெதக்குது?"

நான் மெல்ல மாமியார் பக்கம் திரும்பினேன்.

"நாந்தாம்மா," என்றார் அவர். "வெள்ளிக்கெழமையில நீ புள்ளைங்களக் குளிப்பாட்டிக்கினு இருக்கசொல்ல, முன்னால மூடியத் தொறந்து வண்டிக்கு மஞ்சத் தண்ணி ஊத்துவேன். இன்ஜின்லதான உசுரு இருக்குது? மொதல்ல சும்மா தெளிச்சிக்கினுதான் இருந்தேன். லைட்டு எரிஞ்சதும் ஒரு சொம்பு ஊத்தினேன். அப்பவும் அடங்கல, ஒரு கொடமா ஊத்திட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகியிருக்கிறது. விளக்கு எரிய எரிய அவர் ஊற்றியிருக்கிறார். அவர் ஊற்ற ஊற்ற விளக்கு எரிந்திருக்கிறது. திங்கள்கிழமைக்குள் இன்ஜின் சூட்டில் எல்லாம் காய்ந்துபோயிருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. ரியாஸ் சிரித்துச் சிரித்துப் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் அவருக்குத் தயக்கம். சாமி காரியம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "அம்மா, பூஜை பண்ணுங்க. ஆனா இன்ஜின் மேல தண்ணி பட்டா..." என்று இழுத்தார்.

செல்லியம்மாள் கொஞ்சம் யோசித்தார். "ஏகாம்பரநாதரும் மண்ணு லிங்கந்தான். அவரு மேல தண்ணி ஊத்தறதில்ல. அபிசேகமெல்லாம் கீழ ஆவுடையாருக்குத்தான். இதுவும் அப்படித்தான்னு மொதல்லியே சொல்லக் கூடாதாப்பா? இனிமே டயருக்கு ஊத்திக்கிறேன்."

ரியாஸ் காற்றடித்துக் குழியைக் காயவைத்து, காயிலை மாட்டி, விளக்கை அணைத்தார். சாவியைத் திருப்பினேன். ஒரு தும்மல்கூட இல்லை. சந்தோஷத்தில் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினேன், தெருவே திரும்பிப் பார்த்தது.

மாமியார் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, என் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டார்.

"டேய், நாளைக்கு ஆளு கீளு யாரும் வரக் கூடாது. வண்டி நல்லா ஓடுது. ஓடலன்னாலும் அது சந்தியாவோட வண்டி. அத விக்கறதுக்கு நீ யாரு?"

மறுமுனையில் அவர் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ரோடே தெரியவில்லை.

"அழுதுக்கினே ஓட்டாத," என்றார் செல்லியம்மாள். "தொடச்சிக்கினு எடு."